திறப்பதற்காகப் பூட்டிய கோயில்

செவத்தியார்குடிக்காட்டுப் பழைய மாதா கோயிலுக்குப் பூட்டு வாங்கியது, அதைத் திறந்து வைப்பதற்காகத்தான்.

அதுவரைக்கும் அந்தக் கோயிலுக்குப் பூட்டு கிடையாது. நடுவாசல் கதவு இரண்டும் கீல் இறங்கி, விரியத் திறந்தவாக்கில் தரையோடு உட்கார்ந்துவிட்டிருந்தன. ஆடு நுழையும். முந்திரிக்காட்டு வேலைக்குப் போய்விட்டு வருகிற பெண்கள் வெயில் தாழும்வரை உள்ளே படுப்பார்கள். மாதா யாரையும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை.

எங்கள் ஊரில் கோயில் இரண்டு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் சுண்ணாம்பு அரைத்துக் கட்டியது இது. சுவர் விரிசல் விட்டதும் மேலத்தெருக்காரர்கள் காங்கிரீட்டில் புதுக்கோயில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேலத்தெருவில் நிலம் இருந்தது, வாத்தியார் உத்தியோகம் இருந்தது. கீழத்தெருவில் நாங்கள் இருந்தோம். புதுக்கோயில் எல்லாருக்கும் பொது என்றுதான் பிரசங்கத்தில் சொல்வார்கள். பொதுதான். ஆனால் கீழத்தெருக் கல்யாணம் என்றால் பொண்ணும் மாப்பிள்ளையும் பக்க வாசல் வழியாக உள்ளே போகவேண்டும். நடுவாசல் மேலத்தெருவுக்கு. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. கேட்டால் 'மரபு' என்பார்கள். அதனால் நாங்கள் கல்யாணத்தைப் பழைய கோயிலில் வைத்துக்கொள்வோம். கூரை ஒழுகும். ஆனாலும் நடுவாசல் எங்களுடையது.

என் தங்கை லீலா மேரிக்கு அங்கேதான் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. நவம்பர் கடைசித் திங்கட்கிழமை, கல்யாணம் வைக்கக்கூடாத திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்னால். மாப்பிள்ளை சூசைராஜ், ஆண்டிமடத்துப் பக்கம், சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். சீர் பற்றி, புடவை பற்றி, சாப்பாடு பற்றி லீலா மேரி வாயே திறக்கவில்லை. "நடுவாசல் வழியா நடந்து போகணும், அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். எங்கள் அம்மா புதுக்கோயில் பக்க வாசலில் தலை குனிந்து நுழைந்து கல்யாணம் செய்துகொண்டவள். குனிந்தது வெட்கத்தால் அல்ல. வாசல் உயரம் அவ்வளவுதான்.

இப்படியிருக்கும்போது செப்டம்பரில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெரம்பலூர் 'மரபுச் சின்னத் திறப்பு மையத்'தின் மண்டலத் திறப்பு அலுவலர் தங்கசாமி. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து எட்டு மாதம் ஆன பிறகும் அப்படி ஒரு மையம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. கோயிலைச் சுற்றிவந்தவர் வாசலில் நின்று முகத்தைச் சுளித்தார்.

"இது பூட்டலையா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. அப்பா பெயர் ஞானமுத்து. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலிவேலை.

"பூட்டாம இருந்தா நாங்க எப்படித் திறக்கிறது?"

அப்பா என்னைப் பார்த்தார். புரியாததற்கெல்லாம் அவர் என்னைத்தான் பார்ப்பார். நான் பி.ஏ. தமிழ். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் ஆள். எனக்கும் புரியவில்லை.

தங்கசாமி பொறுமையாக விளக்கினார். வருஷத்தில் இரண்டு நாள், நவம்பர் கடைசிச் சனி ஞாயிறு, பழமையான கட்டடங்களைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுவார்கள். மரபுத் திறப்பு நாள்கள் என்று அதற்குப் பெயர். "பொதுமக்களுக்குத் திறக்கணும்னா அது மொதல்ல பொதுமக்களுக்கு மூடியிருக்கணும். இந்த அடிப்படைகூட இந்த ஊர்ல நிறைவேத்தல. பரவாயில்ல, நாங்க பாத்துக்கிறோம்."

பிறகு என்னிடம் திரும்பினார். நான் படித்தவள் என்பது தெரிந்ததும் குரல் குழைந்துவிட்டது. "உன்ன மாதிரிப் பொண்ணுங்களத்தாம்மா மையம் தேடிக்கிட்டு இருக்கு. இந்தக் கோயில் வரலாற நீதான் எழுதணும். ஒரே ஒரு விஷயம், எங்க திட்டம் இடைக்காலச் சின்னங்களுக்கு மட்டும்தான்."

"இது எடைக்காலமெல்லாம் இல்ல சார். இருநூத்தம்பது வருஷம் இருந்தா அதிகம்."

"அதுக்கு முன்னாடி காலம் இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

"அதுக்குப் பின்னாடி?"

"இருக்குது."

"ரெண்டுக்கும் எடையில இருக்கிறது என்ன காலம்? தமிழ் படிச்ச பொண்ணு, நீயே சொல்லு."

நான் கல்யாண விஷயத்தைச் சொன்னேன். திறப்பு நாள்கள் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை என் தங்கைக்கு இங்கே கல்யாணம், அதற்கு எந்த இடைஞ்சலும் வரக்கூடாது என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்தார். "இது உங்க கோயில்மா. உங்க கோயிலாவேதான் இருக்கும். கல்யாணத்துக்கு நானே வந்து பந்தியில உக்காந்து சாப்பிடுறேன்."

நான் நம்பினேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். படித்த பெண் சொல்கிறாள் என்று கீழத்தெருவும் நம்பியது.

அரியலூரிலிருந்து ஆசாரி வந்தார். கதவைக் கடப்பாரை போட்டுத் தூக்கி, கீழே இழைத்து, புதுக் கீல் அடித்து, முதன்முதலாக எங்கள் கோயிலைச் சாத்தினார்கள். மையத்தின் விதிப்படி 'சோதனைப் பூட்டல்' ஒன்று நடந்தது. பூட்டி முடித்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"யாரு உள்ள?" என்றார் தங்கசாமி.

"நான்தாங்க, சிந்தாமணி."

"நீங்க பொதுமக்களா?"

"இல்லீங்க, களையெடுக்கப் போனவ. அசந்து தூங்கிட்டேன்."

தங்கசாமி யோசித்தார். பொதுமக்களுக்குத் திறக்கும் நாள் இன்னும் வரவில்லை. களையெடுக்கப் போனவர்களுக்குத் திறப்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. கடைசியில் சிந்தாமணி அக்காவை ஜன்னல் வழியாக இறக்கினார்கள். பூட்டு திருப்திகரமாக வேலை செய்கிறது என்று பெரம்பலூருக்குத் தகவல் போனது. சாவியும் தங்கசாமியோடு பெரம்பலூருக்குப் போனது. அதன் பிறகு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலையைப் பூட்டிய கதவுக்கு வெளியே, மண்ணில் உட்கார்ந்து சொன்னோம். "ரெண்டு மாசம்தானேம்மா" என்றார் அப்பா. நானும் அதையே எல்லாருக்கும் சொன்னேன்.

வரலாற்றை எழுதிக் கொடுத்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அழகுபடுத்தவில்லை, உள்ளதை எழுதினேன். 'கீழத்தெரு மக்கள் இக்கோயிலில் ஜெபிக்கிறார்கள். நடுவாசல் வழியே நுழைந்து தங்கள் திருமணங்களை நடத்துகிறார்கள்.'

சனிக்கிழமை காலையில் வாசலில் பலகை வைத்தார்கள். பச்சை வண்ணத்தில் வெள்ளை எழுத்து. முதலில் என் பெயரைத் தேடினேன். இல்லை. அது போகட்டும். 'இவ்விடைக்காலக் கோயிலில் இப்பகுதி மக்கள் ஜெபித்து வந்தனர். தங்கள் திருமணங்களை நடத்தி வந்தனர்.' நான் எழுதிய ஒவ்வொரு வினைச்சொல்லிலிருந்தும் 'கிறு' என்ற நிகழ்கால இடைநிலையைத் தேடித் தேடிப் பிடுங்கியிருந்தார்கள். நடுவாசலையும் காணோம்.

"சார், 'வந்தனர்'னு போட்டிருக்கீங்க. நாங்க இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கோம்."

"மரபுச் சின்னம்னா எறந்தகாலத்துலதாம்மா எழுதணும். நிகழ்காலத்துல எழுதினா அது வெறும் கட்டடம். வெறும் கட்டடத்த மையம் எப்படித் திறக்க முடியும்?"

"நாளன்னிக்கு இங்க என் தங்கச்சிக்குக் கல்யாணம் சார்."

தங்கசாமி பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உண்மையாகவே கவலைப்பட்டார். "அது எப்படிம்மா முடியும்? 'நடத்தி வந்தனர்'னு இருக்கே. திறந்து வெச்சதுக்கப்புறம் ஒரு கல்யாணம் நடந்தா பலகை பொய் சொன்ன மாதிரி ஆயிடும். பெயிண்டுகூட இன்னும் காயல."

"மூணு ஓலை வாசிச்சாச்சு சார்." கல்யாணத்துக்குத் தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம். "தடை இருந்திருந்தா நீங்க அப்பவே வந்து சொல்லியிருக்கணும்."

"நான் இந்துவாச்சேம்மா" என்றார் அவர்.

பங்குச் சாமியார் மரிய ஆல்பர்ட்டும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். புதுக்கோயில் பங்களாவில் இருப்பவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் எங்கள் பக்கம் வருவார். அவரும் தங்கசாமியும் வேப்பமரத்தடியில் ஒதுங்கிப் பேசினார்கள். திரும்பி வந்தபோது வழி கண்டுபிடித்திருந்தார்கள். பலகை சொல்வதற்கு முரணில்லாமல் கல்யாணம் நடக்கவேண்டுமானால், அது திறப்பு நாளுக்குள்ளேயே ஒரு மரபுக் காட்சியாக, அதாவது நாளை ஞாயிற்றுக்கிழமையே நடக்கவேண்டும். நிகழ்ச்சி நிரலில் சிலம்பாட்டத்துக்கும் வினாடி வினாவுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. 'மரபுத் திருமணம்: செயல்முறை விளக்கம்' என்று அதில் எழுதிக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கெழம நான் கல்யாணம் மந்திரிக்கிறதில்ல. உங்களுக்காகத்தான்" என்றார் சாமியார்.

"நடுவாசல்தானே சார்?" என்று தங்கசாமியிடம் கேட்டேன்.

"காட்சியே அதுதானேம்மா" என்றார்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினோம். சமையல்காரரை, மேளத்தை, மாப்பிள்ளை வீட்டை. சூசைராஜ் லாரியை ஆண்டிமடத்தில் நிறுத்தி, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலையில் வந்து சேர்ந்தார். லீலா மேரி வெள்ளைப் பட்டும் முக்காடும் மாலையுமாக நடுவாசல் முன்னால் வந்து நின்றாள். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். நல்லாத்தான் பண்ணியிருக்காங்க என்று அவள் என் காதில் சொன்னாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பளம் சிறப்பு விருந்தினருக்கு. சிறப்பு விருந்தினர் மேலத்தெரு சவரிநாயகம், ரிடையர்டு தலைமை ஆசிரியர். மையத்தின் 'மரபுக் காவலர்' விருது இந்த வருஷம் அவருக்கு. தங்கசாமி மைக்கில் விளக்கம் சொன்னார்.

"இந்தக் கோயிலை ஐயாவின் குடும்பம் காப்பாற்றிய விதம் எல்லாருக்கும் எடுத்துக்காட்டு. உபயோகித்தால் தேய்ந்துவிடும் என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்து, விட்டுவிட்டுப் போனார்கள். இன்று வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைத்தான் மையம் பாராட்டுகிறது."

சவரிநாயகம் அடக்கமாக ஏற்புரை சொன்னார். "நாங்கள் விட்டுப் போகாமல் இருந்திருந்தால் இது பழைய கோயில் ஆகியிருக்குமா? யோசித்துப் பாருங்கள். எங்கள் காலடி படாததால்தான் இதற்குப் பழமை வந்தது. மற்றவர்கள் வந்து போய்க்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை."

கைதட்டினார்கள். அவர் நடுவாசல் வழியாக, கம்பளத்தில், சாமியார் பின்தொடர உள்ளே போனார். அவர் போனதும் ஒரு ஆள் வந்து வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினார். பக்கத்தில் ஒரு அம்புக்குறி. 'பொதுமக்கள் மற்றும் காட்சிகள்: பக்க வாசல்.'

எங்கள் கோயிலுக்குப் பக்க வாசல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வௌவால் எச்சம் கிடக்கும், யாரும் போகமாட்டோம். கழுவி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள்.

"சிலம்பம் முடிஞ்சுது, சீக்கிரம் வாங்க" என்று தங்கசாமி எங்களை அந்தப் பக்கம் கை காட்டினார்.

லீலா மேரி அசையவில்லை.

"சார், நடுவாசல்னு சொன்னீங்க" என்றேன்.

"சொன்னேன்மா. நேத்து ராத்திரிதான் விசாரிச்சேன். கீழத்தெருக் கல்யாணம் பக்க வாசல் வழியாப் போறதுதான் இந்த ஊர் மரபாமே. சவரிநாயகம் ஐயா சொன்னார், சாமியாரும் ஆமான்னுட்டார். நீ வரலாறு எழுதறப்ப முக்கியமான இதையே விட்டுட்டியேம்மா."

"அது புதுக்கோயில்லங்க" என்றார் அப்பா. "இங்க அந்த வழக்கமே கெடையாதுங்க. அதுக்காகத்தாங்க நாங்க இங்க வரதே."

"மரபு கோயிலுக்குக் கோயில் மாறாதுங்க. ஒருவேள இங்க அழிஞ்சு போயிருக்கலாம். அழிஞ்சுபோன மரபை மீட்டெடுக்கிறதுக்குத்தான் மையமே இருக்கு."

அவர் முகத்தில் வஞ்சகம் ஏதும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தாவது ஒருவன் ஏமாற்றவேண்டும்.

உள்ளேயிருந்து சாமியார் மைக்கில் பேசினார். "லீலா மேரி, நேரமாகுதும்மா. வாசல்ல என்ன இருக்கு? ஆண்டவருக்கு எல்லா வாசலும் ஒண்ணுதான்."

லீலா மேரிக்கு மைக் தேவைப்படவில்லை. முந்திரிக்காட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய தொண்டை.

"ஒண்ணுதான்னா நீங்களும் ஐயாவும் எழுந்திரிச்சுப் பக்க வாசல் வழியா ஒரு நடை வந்துட்டுப் போங்க சாமி. நாங்க இதுல வரோம்."

சாமியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சவரிநாயகத்தைப் பார்த்தார். சவரிநாயகம் கூரையைப் பார்த்தார். கூரை இடைக்காலத்தைச் சேர்ந்தது.

"சாமி, எனக்கு ஞானஸ்நானம் குடுத்தது நீங்க" என்றாள் லீலா மேரி. "வெளிய வாங்க. இங்கியே நின்னு மந்திரிங்க. போதும்."

சாமியார் வரவில்லை. "கோபம் தலையான பாவங்கள்ல ஒண்ணும்மா" என்று மட்டும் மைக் சொன்னது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை.

தங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார். வினாடி வினாவுக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். செயல்முறை விளக்கத்தை ரத்து செய்தால் அறிக்கையில் ஓட்டை விழும். அவர் தன்னார்வலர்கள் பக்கம் திரும்பினார். பெரம்பலூர் காலேஜிலிருந்து வந்திருந்தவர்கள். ஜெயசித்ரா என்ற பெண்ணையும் பாலாஜி என்ற பையனையும் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஜெயசித்ரா எங்களிடம் வந்து நின்றாள். நல்ல பெண். காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, உங்க மாலையும் முக்காடும் மட்டும் கொஞ்சம் தரீங்களா? பத்து நிமிஷத்துல திருப்பித் தந்துடுறோம். கல்யாணம் மாதிரி நடிச்சுக் காட்டணுமாம்."

"எந்த வாசல் வழியாப் போவ?" என்றாள் லீலா மேரி.

"நடுவாசல்க்கா. சார் சொன்னாரு, நாங்க இந்த ஊரு இல்லல்ல, எங்களுக்கு அந்த மரபு வராதாம்."

"பத்து நிமிஷத்துக்கெல்லாம் கல்யாண மாலை குடுக்கிறதில்ல பாப்பா. அந்தத் தம்பியக் கட்டிக்கிறதா இருந்தா சொல்லு, சொந்தமாவே தந்துடுறேன்."

பாலாஜி இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

கடைசியில் சிறப்பு விருந்தினருக்குப் போட்ட மாலையைக் கழற்றிக் கொடுத்தார்கள். பந்தல்காரரின் ஜன்னல் திரை முக்காடு ஆனது. கயிற்றை அவிழ்த்தார்கள். மேளக்காரர்கள் நாங்கள் கூட்டிவந்தவர்கள்; கைதட்டலைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் வாசித்துவிட்டார்கள். பொய்ப் பொண்ணும் பொய் மாப்பிள்ளையும் நடுவாசல் வழியாக, கம்பளத்தில், மெதுவாக நடந்து போனார்கள். நிஜச் சாமியார் எழுந்து நின்று கை உயர்த்தினார். பொதுமக்கள் பக்க வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "நமது மக்களின் எளிய மரபை நேரில் காண்கிறீர்கள்" என்றார் தங்கசாமி. அந்த நமது மக்கள் நாற்பது பேர் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று அதைப் பார்த்தோம்.

கயிற்றை மறுபடி கட்டினார்கள்.

சூசைராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"லீலா, லாரி ரோட்டுல நிக்குது. ரெண்டு பக்கமும் கதவு இருக்கு. உனக்கு எது வேணுமோ அதுல ஏறு."

அவள் ஏறினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அடுத்த நாள் பேப்பரில் அந்தப் பொய்க் கல்யாணத்தின் போட்டோ வந்தது. கோயிலைப் பூட்டிச் சாவியைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் ராத்திரிக்காவது திறக்கச் சொல்லி நான் மையத்துக்குப் போன் செய்தேன். தங்கசாமி பிரியமாகப் பேசினார். வீட்டில் எல்லாரையும் விசாரித்தார். அடுத்த நவம்பரில் கட்டாயம் திறப்போம் என்றார். "கிறிஸ்துமஸ் வேணாம்மா. அது நிகழ்காலமா வருது."

சாமியார் ஆள் அனுப்பினார். நடந்ததை மறந்துவிடலாம், புதுக்கோயிலில் பொங்கல் கழித்து நல்ல நாள் இருக்கிறது, பக்க வாசலை உயர்த்திக் கட்டச் சொல்லியிருக்கிறேன், இனிமேல் குனியவேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார். லீலா மேரி பதில் சொல்லி அனுப்பவில்லை. டவுனில் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். அங்கே ஓலை வாசிப்பதில்லை. நோட்டீஸ் பலகையில் ஒரு மாதம் ஒட்டி வைத்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை.

மாதம் முடிந்து கையெழுத்துப் போடப் போனோம். அதே வெள்ளைப் பட்டு, வேறு மாலை. நான் சாட்சி. பத்திரம் பதிய வந்த கூட்டம், வெற்றிலைச் சாற்றுக் கறை, ஃபேன் இல்லாத கூடம். லீலா மேரி படியேறி வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். கிளார்க் ஒருவர் கட்டுக் காகிதத்தோடு வெளியே வந்தார். நிலம் விற்க வந்த ஒரு பெரிய மனிதர், பின்னால் அவருடைய ஆள், டீ கொண்டுவந்த அம்மாள், எல்லாரும் இடித்துக்கொண்டு அதே வாசலில் உள்ளே போனார்கள்.

"என்னம்மா வழியில நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றார் கிளார்க்.

"எந்த வாசல் வழியா வரணும் சார்?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சொன்னார். "இருக்கிறதே ஒரு வாசல்தாம்மா. பெரிய ஆளுங்க வரப்போக தனியா இன்னொண்ணு வேணும்னு மேல எழுதிப் போட்டிருக்கோம். இன்னும் சாங்ஷன் ஆகல."

"அது ஆகிறதுக்குள்ள எங்க கல்யாணத்த முடிச்சிருங்க சார்" என்றாள் லீலா மேரி.